கேட்காத சம்மதம்

நிர்மலாதேவிக்குக் கல்யாணமாகி ஐந்தாவது மாதம், அவள் கணவன் பேச்சிராஜாவின் கழுத்தில் இடது பக்கம் நெல்லிக்காய் அளவுக்கு ஒரு கட்டி வந்தது. அதற்கு ஒரு மாதத்துக்கு முன்பிருந்தே அவன் இரண்டு கால்களையும் சொறிந்துகொண்டிருந்தான். மின்வாரியத்தில் வயர்மேன், சங்கரன்கோவில் வெயிலில் கம்பம் கம்பமாக ஏறி இறங்குகிறவன். வேர்க்குரு என்றுதான் அவள் நினைத்தாள், பவுடர் வாங்கிக் கொடுத்தாள். கட்டியைப் பார்த்ததும் அவளுக்குப் பெரிதாகப் பயம் எதுவும் வரவில்லை. அவன் முகம்தான் செத்துப்போனது. கண்ணாடி முன்னால் நின்று இரண்டு விரல்களால் அதை அமுக்கிப் பார்த்தவன், அப்படியே கட்டிலில் உட்கார்ந்து, "திரும்ப வந்துட்டு" என்றான்.

"எது திரும்ப வந்துட்டு?"

அவன் நிமிர்ந்து அவளைப் பார்த்தான். வாய் லேசாகத் திறந்திருந்தது. அகப்பட்டுக்கொண்டவன் முழிக்கிற முழி என்று அவள் அன்று அதை எடுத்துக்கொண்டாள். அது வேறு என்பது தெரிய அவளுக்கு நாலு மாதம் பிடித்தது.

அடுப்படியிலிருந்து ஓடி வந்த மாமியார் முப்பிடாதியம்மாள்தான் தலையில் அடித்துக்கொண்டு எல்லாவற்றையும் கொட்டினாள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவனுக்கு இதே போலக் கழுத்தில் நெறி கட்டியிருக்கிறது. சதை எடுத்துச் சோதித்தபோது லிம்போமா என்றிருக்கிறார்கள், நிணநீரில் வருகிற கேன்சர். திருநெல்வேலியில் ஆறு மாதம் மருந்து ஏற்றி, ஸ்கேன் எடுத்து, சுத்தமாகப் போய்விட்டது என்று டாக்டர் எழுதியே கொடுத்திருக்கிறார். அதற்கப்புறம்தான் பெண் தேடியது.

"நாந்தான் தாயி சொல்ல வேண்டாம்னேன். எம்மேல போட்டுக்கோ. சரியாப் போன சீக்க எதுக்கு வெளிய சொல்லிக்கிட்டுன்னு நாந்தான் சொன்னேன்" என்று மாமியார் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

நிர்மலா கணவனைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். இல்லை என்றும் சொல்லவில்லை, ஆமாம் என்றும் சொல்லவில்லை. கல்யாணமான புதிதில் அவன் கழுத்தடியில் காறை எலும்புக்கு மேலே இருந்த தழும்பைப் பார்த்து, "இது என்ன?" என்று அவள் கேட்டிருக்கிறாள். "அதான், அப்ப எடுத்தது" என்று சாதாரணமாகச் சொன்னான். கொழுப்புக் கட்டி எதையாவது எடுத்திருப்பார்கள் என்று விட்டுவிட்டாள். இப்போது அந்தப் பதிலும் ஏமாற்று என்றே பட்டது.

போன் போட்ட இரண்டாவது மணி நேரத்தில் ராயகிரியிலிருந்து அவள் அப்பா சண்முகையா வந்து இறங்கினார். கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தர். அதிர்ந்து பேசாத மனுஷன். அன்று நடுவீட்டில் நின்று அவர் போட்ட சத்தத்தில் தெருவே வாசலுக்கு வந்தது.

"எம்பிள்ள வாழ்க்கையில மண்ணள்ளிப் போட்டுட்டியளே! மறைச்சுக் கட்டி வச்சுட்டியளே! நீங்கல்லாம் மனுசங்கதானா?"

மாமியார் காலில் விழப் போனாள். பேச்சிராஜா சுவரோரமாக நின்று மாமனாரையே பார்த்தான். கண்ணை எடுக்காமல் பார்த்தான். உதடு ஒருமுறை அசைந்தது. அப்புறம், அப்பாவின் முதுகுக்குப் பின்னால் அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்ற நிர்மலாவைப் பார்த்துவிட்டு, துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டான். தனக்காகச் சண்டை போட ஒரு ஆள் இருக்கிறார் என்று நிர்மலாவுக்கு அன்று அவ்வளவு ஆறுதலாக இருந்தது.

"கெளம்பு மக்கா, போவோம்" என்றார் அப்பா.

அவள் போகவில்லை. ஏன் போகவில்லை என்று பிறகு எத்தனையோ பேர் கேட்டார்கள். பிரியம் என்று சொன்னால் பொய். திங்கட்கிழமை மதுரையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியிருந்தது. மாமியாருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பைலில் இருந்த இங்கிலீஷை வாசிக்க அந்த வீட்டில் எம்.காம். படித்த அவளை விட்டால் ஆளில்லை. இந்த ஒரு தடவை போய்விட்டு வந்து முடிவு செய்யலாம் என்றுதான் பையைத் தூக்கினாள்.

மதுரை டாக்டர் ஒரு அம்மாள். ஐம்பது வயதிருக்கும். எதையும் சுற்றி வளைக்காமல் பேசினார். முதல் தடவை கொடுத்த மருந்துக்கு அடங்கிய நோய், தப்பிப் பிழைத்து மறுபடி தலைதூக்கியிருக்கிறது. இந்தத் தடவை வேறு மருந்து, இன்னும் கடுமையானது. சால்வேஜ் கீமோ என்று பெயர். அதற்கு நோய் நன்றாக அடங்கினால், அவன் ரத்தத்திலிருந்தே ஸ்டெம் செல்லைப் பிரித்தெடுத்து உறையவைத்துவிட்டு, உடம்பு தாங்குகிற எல்லை வரைக்கும் மருந்தை ஏற்றி, கடைசியில் எடுத்துவைத்ததைத் திரும்பச் செலுத்துவார்கள். அதுதான் டிரான்ஸ்பிளான்ட்.

"அடங்கலன்னா?" என்று நிர்மலா கேட்டாள்.

"அடங்கினாதான் அது. அடங்காம செஞ்சா பிரயோஜனம் இல்லம்மா. இவருக்கு ஒரு வருஷத்துக்குக் கொஞ்சம் கூடுதல்லயே திரும்ப வந்திருக்கு. சீக்கிரம் வந்தா சுலபமில்ல. முயற்சி பண்ணுவோம்."

வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்ததும் பேச்சிராஜா சிரித்தான். "எங்க ஸ்டோர்லயும் சால்வேஜ்னு ஒண்ணு உண்டு. எரிஞ்சுபோன டிரான்ஸ்பார்மரப் பிரிச்சு, தேறுற செம்பை மட்டும் உருவி எடுப்பாவ. மிச்சத்த எடைக்குப் போட்டுருவாவ."

அவள் சிரிக்கவில்லை. "மாத்திரைச் சீட்டு எங்க?" என்று கேட்டாள்.

அன்றிலிருந்து அவர்களுக்குள் பேச்சு என்றால் அது மாத்திரை, காய்ச்சல், பஸ் இந்த மூன்றும்தான். மூன்று வாரத்துக்கு ஒரு முறை மதுரை. மூன்று நாள் படுக்கை. பாட்டில் பாட்டிலாகத் தண்ணீர் ஏற்றிவிட்டு அப்புறம் மருந்து. குடலே வாய்க்கு வருகிற மாதிரி வாந்தி. வாந்தி நின்றால் விக்கல். ஒரு தடவை விக்கல் இரண்டு நாள் விடாமல் அடித்தது. ஒரு வாக்கியத்தைக்கூட முடிக்க முடியாமல், விக்கலுக்கு நடுவே அவன், "நீ சாப்... சாப்டியா" என்று கேட்டான். காதுக்குள் எந்நேரமும் கம்பி இரைகிறது என்றான். ஊருக்கு வந்ததும் ரத்தத்தில் வெள்ளையணுக்கள் ஏறுவதற்கு ஐந்து நாள் ஊசி. அந்த ஊசி மருந்து வெதுவெதுப்பானாலே கெட்டுவிடும். ஐஸ் போட்ட பிளாஸ்கில் வைத்து, மதுரையிலிருந்து மூன்று மணி நேரம் அதை மடியில் கட்டிப்பிடித்துக்கொண்டு வருவாள். ஆடித்தபசுத் திருவிழா சமயத்தில் ஊருக்குள் பஸ்ஸை விடாமல் வெளியிலேயே இறக்கிவிட்டார்கள். கூட்டத்துக்கு எதிரில் ஒரு கையில் பிளாஸ்க்கும் மறு கையில் அவனுமாக ஒன்றரை மைல் நடந்து வீடு வந்து சேர்ந்தாள். பக்கத்துத் தெரு நர்ஸ் ஆபிதா பானு தினமும் காலையில் வந்து ஊசி போட்டுவிட்டுப் போவாள்.

"எத்தன நாளைக்கும்மா இப்படி மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிட்டு இருப்ப?" என்று ஒருநாள் வாசலில் வைத்து ஆபிதா கேட்டாள்.

"செய்ய வேண்டியத செய்யுதேன்லா" என்றாள் நிர்மலா.

அது உண்மைதான். எதிலும் குறை வைக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு தடவையும் கஞ்சியை ஆற்றிக் கொடுக்கும்போது, 'ஏமாற்றியவனுக்குச் செய்கிறேன்' என்று மனதுக்குள் ஒரு முறை சொல்லிக்கொண்டுதான் கொடுத்தாள். அந்தச் சொல்தான் அவளை நிமிர்த்தி வைத்திருந்தது.

இரண்டு தடவை மருந்து ஏறியபின் எடுத்த ஸ்கேனில் கட்டிகள் பாதியாகச் சுருங்கியிருந்தன. டாக்டரின் முகத்தில் முதல் தடவையாக ஒரு தெளிச்சி. இன்னும் இரண்டு ஏற்றிவிட்டு ஸ்டெம் செல் எடுக்கலாம், ஐப்பசி கடைசியில் வைத்துக்கொள்ளலாம் என்றார். மாமியார் சங்கரநாராயணர் கோவிலுக்குப் போய்ப் புற்றுமண் கொண்டுவந்து அவன் கழுத்தில் பூசினாள். நிர்மலாவும் தடுக்கவில்லை.

மூன்றாவது தடவைதான் விழுந்தான். ரத்தத்தை உறையவைக்கிற தட்டணுக்கள் அடிமட்டத்துக்குப் போய், பல் ஈறில் ரத்தம் கசிந்து, நூற்று மூன்று காய்ச்சலோடு மதுரைக்குக் கொண்டுபோனார்கள். தட்டணு கொடுப்பதற்கு அவனோடு வேலை பார்க்கும் கருத்தப்பாண்டி வந்தான். அவனும் வயர்மேன்தான். பேச்சிராஜாவோடு ஒன்றாக வேலைக்குச் சேர்ந்தவன். ரத்த வங்கியில் ஒன்றரை மணி நேரம் கையை நீட்டிப் படுத்திருந்துவிட்டு வந்து, வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து பழச்சாறு குடித்தான். முழங்கையில் பஞ்சு ஒட்டியிருந்தது.

"கவலப்படாதிய மைனி. எழுந்து வந்துருவான். கெட்டிப் பய" என்றான்.

மூன்று நாள் தூக்கமில்லாத எரிச்சலில் இருந்தாள் நிர்மலா. "உங்க கூட்டாளி எழுந்து வரட்டும். வந்தப்புறமாவது, ஒருத்தி கழுத்துல தாலி கட்டுததுக்கு முன்னால ஒரு வார்த்தை சொல்லிட்டுக் கட்டணும்னு புத்தி சொல்லுங்க."

கருத்தப்பாண்டி டம்ளரைக் கீழே வைத்தான். "என்ன மைனி சொல்லுதிய?"

"மறைச்சுதான கட்டுனாவ?"

"யாரு மறைச்சா? அவங்க அம்மாவுக்குத் தெரியாம நானும் அவனும்தான மைனி பைக்ல ராயகிரிக்குப் போனோம். நிச்சயத்துக்கு ஒரு மாசம் முன்னாடி. சொசைட்டி வாசல்ல இருந்து உங்க அப்பாவக் கூப்பிட்டு, டீக்கடையில உக்கார வச்சு, பைல் மொத்தத்தையும் காட்டித்தான சொன்னான். நான் வண்டிகிட்டயே நின்னுட்டேன்." அவள் முகத்தைப் பார்த்துவிட்டு அவன் குரல் இறங்கிப் போனது. "உங்ககிட்ட... உங்க அப்பா சொல்லலியா?"

நிர்மலா உள்ளே போய் அவன் படுக்கைக்குப் பக்கத்தில் நின்றாள். காய்ச்சலில் கண் மூடிக் கிடந்தான். புருவ முடிகூடக் கொட்டிப்போன முகம். கண்ணாடி முன்னால் 'திரும்ப வந்துட்டு' என்று சொல்லி நிமிர்ந்தானே, அந்தப் பார்வை இப்போது அவளுக்குப் புரிந்தது. அவளுக்கு எல்லாம் தெரியும், தெரிந்துதான் வந்தாள் என்று ஐந்து மாதம் நம்பியிருந்தவன், தெரியாது என்பதை அந்த நொடியில்தான் கண்டுகொண்டிருக்கிறான்.

அவன் பிழைத்து வீடு திரும்பிய மறுநாள் காலை, மாமியாரிடம் சொல்லிவிட்டு ராயகிரிக்குப் பஸ் ஏறினாள். அப்பா வாசலில் நாற்காலி போட்டுப் பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தார்.

"அப்பா, கல்யாணத்துக்கு முன்னால அவரு உங்ககிட்ட வந்து சொன்னாரா?"

"யாரு சொன்னது?" என்றார் சண்முகையா. அந்தக் கேள்வியே போதுமாக இருந்தது. அவருக்கும் அது தெரிந்தது. பேப்பரை மடித்தார், மறுபடி மடித்தார், இனி மடிக்க முடியாத அளவுக்கு மடித்துக் கையில் வைத்துக்கொண்டார்.

"சொன்னான். சரியாப் போச்சுன்னு டாக்டரே எழுதிக் கொடுத்த சீட்ட நான் என் கண்ணால பாத்தேன் மக்கா. உனக்கு இருபத்தேழு முடிஞ்சிருந்துச்சு. ரெண்டு இடம் கிட்ட வந்து தட்டிப் போச்சு. பையனுக்குப் பெர்மனன்ட் வேலை. குடி, சிகரெட்டு ஒண்ணும் கிடையாது. இத உன்கிட்ட சொன்னா நீ வேண்டாம்னுருவ..."

"வேண்டாம்னுதான் சொல்லியிருப்பேன்."

"அதுக்குத்தான்..." என்று ஆரம்பித்து நிறுத்தினார்.

"சரி. பின்ன அன்னைக்கு எதுக்கு அந்தச் சத்தம் போட்டிய? அவரு வீட்டுல நின்னு, அவரு மூஞ்சிக்கு நேர?"

உள்ளேயிருந்து அம்மா காபியோடு வந்தாள். நிர்மலா அதைத் தொடாமல் அடுத்த பஸ்ஸுக்கே திரும்பினாள்.

பேச்சிராஜா பேனுக்கு அடியில் பாய் விரித்துப் படுத்திருந்தான். மாமியார் கடைக்குப் போயிருந்தாள். நிர்மலா செருப்பைக் கழற்றினதும் கழற்றாததுமாகக் கேட்டாள்.

"ஏன் என்கிட்ட சொல்லல?"

எங்கே போய்விட்டு வருகிறாள் என்று அவனுக்குப் புரிந்துவிட்டது. "கருத்தப்பாண்டி வாய்ல எதுவும் தங்காது" என்றான்.

"நாலு மாசமா நான் உங்கள என்னன்னு நெனச்சிட்டு இருந்தேன்னு தெரியுமா?"

"தெரியும்."

"பின்ன?"

அவன் கஷ்டப்பட்டு எழுந்து சுவரில் சாய்ந்தான். "அன்னைக்கு அவரு சத்தம் போட்டப்ப வாய் வரைக்கும் வந்துச்சு. நீ அவரு சட்டையப் புடிச்சிக்கிட்டு நின்ன. எனக்கு ஒண்ணு ஆச்சுன்னா நீ எங்கட்டி போவ? அங்கனதான போகணும். அந்த வீட்டயும் உனக்கு இல்லாம ஆக்கணுமான்னு இருந்துட்டேன்."

அவள் உருகிப்போவாள் என்று அவன் எதிர்பார்த்திருக்கலாம். அவளுக்கு ஆத்திரம்தான் வந்தது.

"நல்லாருக்கு. நீங்க ரெண்டு ஆம்பளைகளும் டீக்கடையில உக்காந்து என்னப் பத்திப் பேசுவிய. ஒருத்தர் எனக்கு நல்லதுன்னு மறைப்பாரு. இன்னொருத்தர் எனக்கு நல்லதுன்னு வாய மூடிக்கிடுவாரு. என்ன உக்கார வச்சு ஒரு வார்த்தை கேக்க ஒருத்தருக்கும் தோணல."

அவன் காலைச் சொறிந்துகொண்டான். பிறகு, "நீ சொல்லுதது சரிதான்" என்றான். "பொண்ணு பாக்க வந்த அன்னைக்கு மாடியில தனியாப் பேசச் சொன்னாவல்லா. அப்பவே சொல்லத்தான் நெனச்சேன். உன் மூஞ்சியப் பாத்துச் சொல்லத் தைரியம் வரல. அதான் உங்கப்பாகிட்ட போனேன். அவர்கிட்டயே சொல்லி முடிச்சுக்கிட்டா லேசுன்னு தோணிச்சு. கோழைத்தனம்தான்."

அதற்குப் பிறகு அவர்கள் பேசினார்கள். சமாதானம் என்று சொல்ல முடியாது. கொஞ்சநஞ்ச நாள்தான் இருக்கிறது என்று தெரிந்தவர்கள் மாதிரி, எதையும் மிச்சம் வைக்காமல் பேசினார்கள். முதல் தடவை நோய் வந்தபோது யாரிடமும் சொல்லாமல் மொட்டைமாடியில் போய் அழுததைச் சொன்னான். அவள், தட்டிப்போன அந்த இரண்டு மாப்பிள்ளைகளில் ஒருவனைத் தனக்குப் பிடித்திருந்ததைச் சொன்னாள். "பாக்க எப்படி இருப்பான்?" என்று கேட்டான். "உங்கள விட நெறம்" என்றாள். அன்று இரண்டு பேருமே சிரித்தார்கள். நாலாவது தடவை மருந்து ஏற்றியபோது வாந்திச் சட்டியைப் பிடித்துக்கொண்டு அவள் மனதுக்குள் எதையும் சொல்லிக்கொள்ளவில்லை. நிமிர்ந்து நிற்கப் பிடிமானமாக இருந்த அந்தச் சொல் போனபின், எல்லாமே முன்னைவிடக் கஷ்டமாகத்தான் இருந்தது.

ஐப்பசியில் ஸ்கேன் எடுத்தார்கள். டாக்டர் அம்மாள் கம்ப்யூட்டர் திரையை அவர்கள் பக்கம் திருப்பவில்லை.

"கழுத்துல இருந்தது திரும்ப வளந்திருக்கு. கல்லீரல்லயும் முதுகெலும்புலயும் புதுசா வந்திருக்கு. மருந்து ஏறிட்டு இருக்கும்போதே வளந்திருக்கு."

"அப்ப அடுத்த வாரம் ஸ்டெம் செல் எடுக்கதா இருந்தது?" என்று பேச்சிராஜா கேட்டான்.

"இந்த நிலைமையில எடுக்க வேண்டாம். டிரான்ஸ்பிளான்ட் இந்த நோய அடக்காது. வேற ஒரு மருந்து இருக்கு, கொடுத்துப் பாக்கலாம். ஆனா நான் உங்களுக்கு நம்பிக்கை வார்த்தை சொல்ல மாட்டேன்."

அவன் தலையை ஆட்டினான். எழுந்திருக்கும்போது, "ரொம்ப நன்றி மேடம், நேராச் சொன்னதுக்கு" என்று கும்பிட்டான். டாக்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அந்த வேறு மருந்தையும் இரண்டு தடவை ஏற்றினார்கள். கால் அரிப்பும் அடங்கவில்லை. கார்த்திகை முழுக்கத் தினமும் சாயங்காலம் காய்ச்சல் வந்தது. சட்டை நனைந்து பிழிகிற அளவுக்கு வேர்வை. மார்கழியில் கால் இரண்டும் செயலற்றுப் போயின. கம்பத்தில் ஏறிய கால்கள். நிர்மலா அவற்றைத் தூக்கித் தூக்கித் திருப்பிப் போட்டாள். வலிக்கு ஆபிதா பானு வந்து ஊசி போட்டாள். இப்போது ஐஸ் பிளாஸ்க் தேவையில்லை. தை மாதம் பொங்கல் கழிந்த நாலாம் நாள், காலை ஒன்பது மணிக்கு, அவன் அம்மா ஒரு பக்கமும் நிர்மலா ஒரு பக்கமும் உட்கார்ந்திருக்க, பேச்சிராஜாவின் மூச்சு நின்றது. கடைசி இரண்டு நாள் அவனுக்கு ஆள் தெரியவில்லை. அதனால் கடைசி வார்த்தை என்று சொல்ல எதுவும் இல்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் சண்முகையா அவளை அழைத்துப்போக வந்தார். இந்தத் தடவை சத்தமில்லை. வாசல்படியைத் தாண்டாமல் வெளியிலேயே நின்றார்.

"போ தாயி" என்றாள் முப்பிடாதியம்மாள். "நான் அவன் அக்கா வீட்டுக்குப் போறேன். நீ இங்கன தனியா இருந்து என்ன செய்யப் போற?"

பேச்சிராஜா கணக்குப் போட்டது சரியாகத்தான் இருந்தது. அங்கேதான் போக வேண்டியிருந்தது.

பஸ்ஸில் அவளை ஜன்னல் பக்கம் உட்காரச் சொல்லி, தான் இந்தப் பக்கம் உட்கார்ந்தார். ஊர் எல்லை தாண்டியது. "எதுவும் சாப்பிடுதியா மக்கா?" என்று கேட்டார். அவள் வேண்டாம் என்று தலையசைத்தாள். கரிவலம்வந்தநல்லூரில் பாதிக் கூட்டம் இறங்கிக் கொஞ்சம் காற்று வந்ததும் அவள் கேட்டாள்.

"அன்னைக்கு டீக்கடையில அவரு என்ன சொன்னாரு?"

சண்முகையா முன் சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "எதுக்கு இப்ப அது?"

"எனக்குத் தெரியணும். எல்லாத்தையும் சொல்லுங்க."

கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். நீல முழுக்கைச் சட்டை போட்டிருந்தான். பைலை மேஜையில் வைக்கிற அளவுக்கு இடம் இல்லை, மடியில் வைத்துத்தான் ஒவ்வொரு தாளாகக் காட்டினான். திரும்ப வர வாய்ப்பு உண்டா என்று கேட்டதற்கு, உண்டு என்று சொன்னான். இல்லை என்று அவன் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை.

"கடைசியா?"

"'உங்க பொண்ணுகிட்ட இதச் சொல்லி, அவளுக்குச் சம்மதம்னா மட்டும் பேசுவோம் மாமா. வேண்டாம்னா எனக்கு வருத்தமில்ல, ஒரு போன் மட்டும் போட்டுருங்க'ன்னான்."

"நீங்க போட்டியளா?"

"அன்னைக்குச் சாயங்காலமே போட்டேன்."

"என்ன சொன்னிய?"

"எல்லாத்தையும் சொல்லிட்டேன், அவளுக்குச் சம்மதம்தான்னு சொன்னேன்."

பஸ் எதிரில் வந்த வைக்கோல் டிராக்டருக்கு ஒதுங்கி நின்று, மறுபடி கிளம்பியது.

"அதுக்கு அவரு என்ன சொன்னாரு?"

"ஒண்ணும் சொல்லல. ரொம்ப நேரம் லைன்லயே இருந்தான். அழுதான் போல."

நிர்மலா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவளிடம் யாரும் கேட்காத ஒரு சம்மதத்தை, அவள் கொடுத்ததாக எண்ணி ஒருவன் ஐந்து மாதம் சந்தோஷமாக இருந்திருக்கிறான். அவளோடு வாழ்ந்ததில் அந்த ஐந்து மாதம்தான் அவனுக்கு நல்ல காலம். அதுவும் அவள் கொடுத்ததில்லை.

ராயகிரி வந்தது. சண்முகையா அவள் பையை எடுத்துக்கொண்டு முதலில் இறங்கி, கீழே நின்று அவளுக்காகக் கையை நீட்டினார். அவள் எழுந்திருக்கவில்லை. கண்டக்டர் திரும்பிப் பார்த்து, "எறங்கலியாம்மா? இதுக்கு மேல வண்டி போகாது" என்றார்.

அந்தக் கையைப் பிடிக்காமல், கம்பியைப் பிடித்துக்கொண்டு அவள் இறங்கினாள்.